அழித்த எட்டுப் படங்கள்

கார்த்திகை 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். வயலில் கால் வைக்க முடியாது. அதனால் நோட்டு.

முதலில் ஒரு மன்னிப்பு. எழுத்து கோட்டைத் தாண்டி ஏறுகிறது, இறங்குகிறது. 'ழ' ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. அறுபத்தொன்பது வயதுக் கை. மண்வெட்டியைப் பிடிக்கிற பிடியில்தான் பேனாவையும் பிடிக்கிறது. இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. பின்னால் எடுத்துப் படிக்கப் போகிற எனக்கேதான் இந்த மன்னிப்பு.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எழுதப் படிக்கச் சொல்லித் தரும் வகுப்பில் சேர்ந்து ஒன்பது மாதம். தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். என்ன நடந்ததோ அது.

நடந்தது:
ஆடு குட்டி போட்டது. இரண்டு. ஒன்று கறுப்பு.
வீட்டுக்காரி காமாட்சிக்கு முழங்கால் வலி. தைலம்.
என் போனில் எட்டுப் பேரின் பெயரையும் எழுத்தில் ஏற்றி முடித்து இன்றோடு ஒரு வாரம்.

மூன்றாவதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். எழுதும்போதே சந்தோஷம். முன்பு என் போனில் பெயர் கிடையாது, படம்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் மகள் கலை தன் கையால் வரைந்து ஏற்றிக் கொடுத்தது. மாடு என்றால் பால் சொசைட்டி. பல்பு என்றால் மோட்டார் மெக்கானிக். விமானம் என்றால் சிங்கப்பூரில் இருக்கும் மகன். மீசை என்றால் தம்பி. ஊசி, டிராக்டர், முந்திரிப்பழம். சைக்கிள் என்றால் கலை. படத்துக்குப் போய் அமுக்கினால் அவள் குரலே ஆளின் பெயரைச் சொல்லும். பன்னிரண்டு வருஷமும் அப்படித்தான் ஓடியது.

இப்போது பெயர். எட்டும் நானே எழுதியது. பதினோரு நாள் ஆயிற்று. படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்கும்படி டீச்சர் சொல்லவில்லை. படம் இருக்கிற வரைக்கும் கண் எழுத்துப் பக்கம் போகாது, அதனால் அழித்தேன்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. 'க'. 'லை'. படித்து முடித்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்ப அடித்தாள்.

"அப்பா, அந்தப் போனை பத்திரமா வச்சிருக்கீங்கள்ல? எதையும் தொடாதீங்க. நாளைக்கு வரேன்."

குரல் சரியில்லை.

கார்த்திகை 10, புதன்

மழை விட்டுவிட்டது. மூட்டம் மட்டும்.

கலை பத்து மணி பஸ்ஸில் வந்தாள். சாப்பிடவில்லை. காமாட்சி தட்டை வைத்துக்கொண்டே நின்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். பெரம்பலூர் துறையூர் ரோட்டு ஷெட்டில் அவள் செய்கிற போன், படிக்கத் தெரியாதவர்களுக்கானது. பெயருக்குப் பதில் படம், அமுக்கினால் குரல். பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். வடக்கே ஒரு பெரிய போன் கம்பெனி, அவர்களும் இதே மாதிரி போன் போடுகிறார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த யோசனையைத் தங்களுடையது என்று அரசாங்கத்தில் பதிந்து வைத்துவிட்டார்களாம். அதற்குக் காப்புரிமை என்று பெயர். (ஐந்து எழுத்து. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.) இப்போது சென்னை ஹைகோர்ட்டில் கேஸ். எங்கள் யோசனையைப் பெரம்பலூர்க்காரி திருடிவிட்டாள், அவள் போனைச் செய்யவும் கூடாது விற்கவும் கூடாது என்று தடை கேட்கிறார்கள். வருகிற 24, புதன்கிழமை விசாரணை.

தடை கொடுத்துவிட்டால்?

"கேஸ் நாலு வருசம் நடக்கும்பா. ஷெட்டு நாலு மாசம் தாங்காது."

தப்பிக்க ஒரே வழி, அவர்கள் பதிவதற்கு முன்பே இந்த யோசனை ஜனங்கள் கையில் இருந்தது என்று காட்டுவது. அதற்குச் சாட்சி ஒரு பழைய போன்.

என் போன்.

அது சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலேயே இருந்தது. அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. அவள் அதைத் தொடவே கூடாதாம். தொட்டால், நேற்று ராத்திரி நீயே ஏற்றிய படம் என்பார்களாம். திங்கட்கிழமை நானே என் கையால் வக்கீலிடம் கொடுக்க வேண்டுமாம்.

"சரி தங்கம்" என்றேன்.

போகும்போது நான் வகுப்புக்குப் போவதைப் பற்றிக் கேட்டாள். ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளாம். ரொம்பப் பெருமை அவளுக்கு.

போனை அணைத்துவிட்டேன்.

கார்த்திகை 12, வெள்ளி

வெயில். ஜெயங்கொண்டம் போனேன். காமாட்சியிடம் மருந்து வாங்க என்று சொல்லிவிட்டு.

பஸ்ஸில் எழுத்து எல்லாம் கண்ணில் படுகிறது. 'படியில் நிற்காதீர்'. 'சில்லறையாகத் தரவும்'. மனசு கனத்துக் கிடக்கும்போதும் கண் படிக்கிறது. படித்தவுடன் ஒரு சந்தோஷம், அடுத்த நிமிஷம் போன் ஞாபகம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் போன் கடை. இருபத்தைந்து வயசுப் பையன்தான் முதலாளி. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழித்த படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்றேன்.

"அழிச்சது அழிச்சதுதான் பெரியவரே. இந்தப் போன்ல குப்பைத்தொட்டியே கிடையாது."

சிரிக்கிறான். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தானே ஒரு வழி சொன்னான். மாடு, பல்பு, விமானம், என்னென்ன வேணுமோ புதுசா ஏத்தித் தரேன். தேதி காட்டுமே என்றேன். போனில் தேதியைப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு ஏற்றினால் பழைய தேதிதான் விழும் என்றான். அரை மணி நேர வேலை.

"எந்த மாடா இருந்தா என்ன? மாடு மாடுதானே."

போய் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றேன். டீ குடித்தேன். கடையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன்.

கலை வரைந்த மாட்டுக்கு ஒரு கொம்புதான். இன்னொரு கொம்பு வரைய இடம் பற்றவில்லை என்று அப்போது சொன்னாள். அது மட்டும் இல்லை. அவள் திருடிவிட்டாள் என்று அவர்கள் சொல்வது பொய். இந்தப் பையன் அரை மணி நேரம் வேலை பார்த்தால் அந்தப் பொய்க்கு ஒரு கால் முளைத்துவிடும்.

திரும்பப் போய்ப் போனை வாங்கிக்கொண்டேன். மருந்து வாங்க மறந்துவிட்டேன். காமாட்சி ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் நல்லதில்லை.

கார்த்திகை 15, திங்கள்

பஸ் பயணக் களைப்பு. எழுத்து மோசமாக இருக்கும். இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

பெரம்பலூர். வக்கீல் ஆபீஸ். வக்கீல் ஒரு அம்மா. 'வக்கீல் அம்மா' என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் விரல் வலிக்கும், இனி வ.அ.

என் வாக்குமூலத்தை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்றரைப் பக்கம். ஜூனியர் தம்பி மடமடவென்று படித்துக் காட்டினார். மழை ஓட்டில் விழுந்த மாதிரி ஒன்றும் பிடிபடவில்லை. உடனே மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"அப்பா கையெழுத்தே போடுவாங்க" என்றாள் கலை. முகம் மலர்ந்திருந்தது.

வ.அ. யோசித்தார். அன்றைக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான் நம் கேஸ், கைநாட்டாக இருந்தால் பார்க்கவே நன்றாக இருக்கும் என்றார். வற்புறுத்தவில்லை. விருப்பம் உங்களுடையது என்றார்.

படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். விரல் வைத்துப் படித்தேன். என் பெயர், அப்பா பெயர், ஊர். சரி. மகள் படம் ஏற்றிக் கொடுத்தது. சரி. டீ வந்தது, ஆறியது. ஜூனியர் தம்பி இரண்டு முறை எழுந்து போய் வந்தார். இரண்டாம் பக்கம், ஐந்தாவது பத்தி.

'மேற்படி கைபேசியில் அன்று முதல் இன்று வரை எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை.'

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதுவேதான்.

ஒரு வருஷத்துக்கு முன்பாக இருந்தால் கட்டை விரலை வைத்துவிட்டு எழுந்திருப்பேன். என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்காது. பாவமும் இருந்திருக்காது. இப்போது தெரிகிறது. கலை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இது பொய்யிங்க" என்றேன்.

போனை எடுத்து மேஜையில் வைத்தேன். வ.அ. அதை ஆன் பண்ணினார். 'கலை', 'தம்பி', 'டாக்டர்', 'பால்'. எல்லாம் எழுத்து. வ.அ. கலையைப் பார்த்தார். கலை என்னைப் பார்த்தாள்.

"எப்பப்பா?"

"பதிமூணு நாள் ஆச்சு."

"எல்லாத்தையுமா?"

"எட்டையும்."

வ.அ. கோபப்படவில்லை. ஐந்தாவது பத்தியை மாற்றி எழுதலாம், நீங்கள் சொல்வதும் சாட்சிதான், ஆனால் பெற்ற அப்பா சொல்வதை அந்தப் பக்கம் ஒரு ஊதலில் தள்ளிவிடுவார்கள், கையில் ஒரு போன் வேண்டும் என்றார். வேறு யாருக்கெல்லாம் படம் ஏற்றினாய் என்று கலையிடம் கேட்டார். ஜெயங்கொண்டத்தில் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தபோது முப்பது பேருக்கு மேல் ஏற்றியிருக்கிறாள். யார் பன்னிரண்டு வருஷம் ஒரே போனை வைத்திருப்பார்கள்? அந்தக் கடையே இப்போது இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி மடியில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

அரியலூர் வரை சிமெண்டு லாரிகள். லாரி முதுகில் எழுதியிருப்பது எதையும் படிக்கவில்லை.

கார்த்திகை 16, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. ஒன்பது மாதத்தில் முதல் தடவை.

காமாட்சியிடம் எல்லாம் சொன்னேன். நன்றாகத் திட்டினாள். படிச்சது படிச்சீங்க, படத்தையும் வச்சுக்கிட்டே படிக்கக் கூடாதா, சோறு வந்ததும் இலையைக் கிழிப்பாங்களா என்று.

பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் வாளியோடு திரும்பி வந்தாள்.

"எங்கண்ணன் ஒரு சாமானைத் தூக்கிப் போட்டு என்னைக்காச்சும் பார்த்திருக்கீங்களா?"

காசி மச்சான். வரதராஜன்பேட்டையில் முந்திரித் தோப்பு. அவருக்கும் கலை படம் ஏற்றிக் கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறது. கலையைப் போனில் கேட்டேன். மருமகன் வாங்கிக் கொடுத்த டச் போனைத்தான் மாமா இப்போது வைத்திருப்பார் என்றாள்.

மச்சானுக்கே போன் பண்ணிக் கேட்டுவிட முடியாது. நாலு மாதமாக என்னோடு பேச்சு இல்லை. தப்பு என்னுடையது. ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில் என் பெயரை நானே எழுதினேன். அடுத்து அவர் நின்றார். "கொஞ்சம் தள்ளுங்க மச்சான், கைநாட்டெல்லாம் அந்தப் பக்கம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

இதை எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

கார்த்திகை 18, வியாழன்

நேற்று பூரா மழை, இன்றுதான் போக முடிந்தது. விசாரணைக்கு ஆறு நாள்.

மச்சான் தோப்பில் முறிந்து கிடந்த கிளையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"வாங்க வாத்தியாரே."

நின்றேன். அந்தக் கல்யாண வீட்டில் பேசினது தப்பு மச்சான் என்றேன். அவர் இன்னொரு கிளையை இழுத்தார். பிறகு கலையின் கேஸ் முழுவதையும் சொன்னேன். நான் படங்களை அழித்ததையும். அதைக் கேட்டதும் கிளையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார். கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறார்.

"நான் கைநாட்டு மாப்ள. எதையும் அழிக்கத் தெரியாது."

மடியிலிருந்து எடுத்தார். அதே பழைய போன். மூலை உடைந்து ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. மருமகன் கொடுத்த டச் போன் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் இருக்கிறதாம். அமுக்கினார். படம். எல்லாம் படம். கலையின் பழைய குரல், சின்னப் பெண் குரல், "பெரிய மக" என்றது. இன்னொரு தடவை அமுக்கச் சொன்னேன்.

ஆனால் பையனின் கடையில் கேட்டது நினைவு வந்தது. போனில் தேதியைத் தள்ளலாம். அந்தப் பக்கமும் அதைத்தான் சொல்லும். மச்சானிடம் சொன்னேன். காகிதம் ஏதாவது வேண்டும் என்றேன்.

"காயிதமா?" என்றார்.

உள்ளே கூட்டிப் போனார். மூன்று உரச்சாக்கு. வாய் கட்டி, சுவர் ஓரம். எது வேணும் எது வேணாம்னு சொல்ல எனக்கு எழுத்தா தெரியும், அதனால வூட்டுக்கு வந்த ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை என்றார். நான் படிக்கக் கற்றவுடன் செய்த அடுத்த காரியம், என் டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்துத் தரம் பிரித்துப் பாதியை அடுப்பில் போட்டது.

இரண்டு சாக்கை முற்றத்தில் கொட்டிப் படித்தேன். மச்சான் ஒவ்வொன்றாக நீட்டுகிறார், நான் படிக்கிறேன். கரண்டு ரசீது. கல்யாணப் பத்திரிகை. உரக்கடைச் சீட்டு. எவனோ தேர்தலில் நின்ற நோட்டீஸ். ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் பெண்சாதி இறந்தபோது அடித்த கருமாதிப் பத்திரிகை வந்தது. அதை மட்டும் முழுவதும் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன்.

மதியம் கஞ்சி. மறுபடி சாக்கு. கண் எரிச்சல். மூன்றாவது சாக்கில் பாதி போனபோது ஒரு மஞ்சள் ரசீது. ஜெயங்கொண்டம் ரிப்பேர் கடை முத்திரை. தேதி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. கீழே கலையின் கையெழுத்து, அவள் எழுத்து எனக்கு இப்போது தெரியும்:

'படம் ஏற்றியது, 10. குரல் பதிந்தது, 10.'

மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கை கூப்பத் தோன்றியது. அவர் அடுத்த தாளை நீட்டிக்கொண்டிருந்தார். போதும் மச்சான் என்றேன்.

அப்புறம்தான் பேரம். போனைக் கோர்ட்டில் உறை போட்டு வைத்துக்கொள்வார்கள், எப்போது திரும்பும் என்று தெரியாது என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது. அவருக்கு மூன்று பெண்கள், மூன்று ஊர். படம் இல்லாமல் ஒருத்தியோடும் பேச முடியாது. கலை புதுப் போனில் படம் ஏற்றித் தருவாள் என்றேன். தடை வந்துட்டா அவ எப்படித் தருவா என்றார். சரியான கேள்வி. டச் போனில் எழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒண்ணு செய்யி மாப்ள. கேஸு முடியற வரைக்கும் நீ இங்க வந்து இரு. நான் பேரைச் சொல்றேன், நீ நம்பரைப் போட்டுக் கொடு."

சரி என்றேன்.

கார்த்திகை 19, வெள்ளி

வெயில். பெரம்பலூர். மச்சான், நான், கலை, வ.அ., ஜூனியர் தம்பி.

கலை என்னிடம் 'வாங்க' என்றாள். அவ்வளவுதான்.

வ.அ. ரசீதை ரொம்ப நேரம் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார். போனைப் போட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்து, யார் என்று கேட்கக் கேட்க, ஜூனியர் தம்பி எழுதிக்கொண்டார். படம் 1: குடை, பெரிய மகள். படம் 2: மாம்பழம், இரண்டாம் மகள். படம் 3: கழுதை.

"இது யாருங்க ஐயா?"

மச்சான் கூரையைப் பார்த்தார். கலை தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. திங்கட்கிழமைக்கு அப்புறம் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

"மாமாதான்பா அப்படி வரையச் சொன்னாங்க. நான் அப்பவே வேணாம்னேன்."

பன்னிரண்டு வருஷம். நான் கூப்பிடும்போதெல்லாம்.

டைப் அடித்து வந்தது. சட்டப்படி ஜூனியர் தம்பிதான் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டினார். மச்சான் விரலை நீட்டவில்லை. இந்தத் தம்பி ஓட்டமா ஓடுது, எங்க மாப்ள படிச்சாத்தான் வைப்பேன் என்றார்.

ஆபீஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன். மூன்றாவது படத்துக்கு வந்தேன். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவியிருக்கலாம், மச்சானுக்குத் தெரியவா போகிறது. விடவில்லை. 'படம் 3: கழுதை. சாட்சியின் தங்கை கணவர், மேற்படி மாரிமுத்து.' ஜூனியர் தம்பி இருமிக்கொண்டே வெளியே போனார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி வரை படித்தேன். "ஆமா, அம்புட்டும் நெசம்" என்று சொல்லிவிட்டு விரலை மையில் தோய்த்தார்.

என் வாக்குமூலம் தனி. ஐந்தாவது பத்தி இப்போது: 'படிக்கக் கற்றுக்கொண்டபின் மேற்படி படங்களை நானே அழித்துவிட்டேன்.' படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கோணல்தான். வ.அ. பரவாயில்லை என்றார்.

ஜெயித்துவிடுமா என்று கலை கேட்டாள். தடைக்கு எதிராகச் சொல்ல இப்போது நம் கையில் ஒன்று இருக்கிறது, அதற்கு மேல் ஜட்ஜ் என்றார் வ.அ. அந்தப் பக்கம் ஆறு வக்கீலாம்.

ஷெட்டுக்கும் போய்ப் பார்த்தோம். பெண்கள் வேலையை நிறுத்தவில்லை. கலை எங்கள் இரண்டு பேருக்கும் சோறு வாங்கிக் கொடுத்தாள். என் இலையில் கூட ஒரு அப்பளம் வைத்தாள்.

இப்போது வரதராஜன்பேட்டை. இங்கேதான் இருப்பு. இரண்டாம் மகளுக்குப் போட்டுக் கொடு என்று மச்சான் பக்கத்தில் வந்து நிற்கிறார், நோட்டை மூட வேண்டும். புதன்கிழமை கோர்ட்டில் என்ன சொன்னாலும், உத்தரவுத் தாள் கைக்கு வந்து, அதை நானே படித்த பிறகு, அடுத்த வாரம் இங்கே எழுதி வைப்பேன்.